ஒட்டுக் கட்டிய கிட்டார்

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் அதன் பட்டா என் பெயரில்தான். சுவர்க் கடிகாரம் நின்றால் நான். குடத்தின் விளிம்பு நெளிந்தால் நான். பக்கத்துத் தோட்டத்து ஆட்டுக்குக் கால் பிசகினாலும் முதலில் என்னைத்தான் விசாரிப்பார்கள். பாதிக்கு மேல் நியாயமான வழக்குகள் என்பதால் நான் எதிர்த்து வாதாடியதில்லை. அண்ணனின் கிட்டார் விஷயத்தில் சாட்சிகளே இருந்தன. நான்கு கோழிகள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டியே எங்கள் வீடு. மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அண்ணன், படிப்பு பாதியில் இருக்கும்போதே ஒருநாள் அப்பாவோடு வாடகைக் காரில் வந்து இறங்கினான். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தானாம். ஆள் பாதியாகியிருந்தான். "ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலை" என்றாள் அம்மா. நான் அதைக் கொஞ்சம் வளர்த்து, ஹாஸ்டல் சோற்றில் விஷம் இருக்கிறது, எங்கள் அண்ணனே சாகக் கிடந்தான் என்று வகுப்பில் பேசினேன். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்த அம்மா அடிக்கவில்லை. "இனிமே அந்தப் பேச்ச வாயில எடுக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் வெகுநேரம் துணி துவைத்தாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

அண்ணன் யாரோடும் பேசவில்லை. அறையை விட்டு வெளியே வருவதும் இல்லை. கிட்டார் மட்டும் வாசிப்பான். முன்பெல்லாம் அப்பாவுக்கு அந்தக் கிட்டாரைக் கண்டாலே ஆகாது. சுரைக்குடுக்கை என்பார். இப்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. மருந்தடிக்கப் போகிற அவசரத்திலும் அண்ணனின் ஜன்னலைக் கடக்கும்போது நடை மெதுவாகும். அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. அதைக்கூட யாரோ நான் கழற்றியதாகச் சொல்லிவிடப்போகிறார்கள் என்று பயந்து, அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தேன்.

மாதத்துக்கு இரண்டு முறை அம்மா அண்ணனைத் தேனிக்கு டாக்டரிடம் கூட்டிப் போவாள். அரைப் பரீட்சை லீவில் அப்படி ஒரு சனிக்கிழமை. அப்பா திராட்சைப் பந்தலுக்கடியில் கொடிகளை வெட்டிக் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தார். வீட்டில் நானும் கிட்டாரும் தனியாக இருந்தோம். அம்மாவின் துண்டை வாராகக் கட்டிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, திராட்சை அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, முற்றத்துக் கோழிகளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். கும்பிடும்போதே பெட்டி சாய்ந்தது. கிட்டாரைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் மேல் விழுந்ததால்தான் எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

எழுந்து பார்த்தால், கிட்டாரின் கழுத்து முறிந்து, தலை மட்டும் ஆறு கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அறுத்த சேவல் மாதிரி இருந்தது. சாட்சிகள் ஓடிப்போயிருந்தன.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு அடிக்குத் தயாராக நின்றேன். அடி விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கிட்டாரைப் பார்த்த முகத்தில் ரத்தம் இல்லை. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து அம்மாவுக்குப் போட்டார்.

"எங்கன வர்றீக?"

சின்னமனூர் தாண்டிவிட்டதாக அம்மா சொன்னது எனக்கே கேட்டது.

"ஆத்தா, ஓடு" என்றார் என்னிடம். "ஒட்டுக் கத்தியையும் நாடாவையும் எடுத்துட்டு வா. மரப்பசை அலமாரி மேல இருக்கு."

திராட்சைக்கு ஒட்டுக் கட்டுவதில் அப்பா கெட்டிக்காரர். அவர் கட்டிய ஒட்டு காய்ந்ததில்லை என்று காமயகவுண்டன்பட்டி வரைக்கும் பேர். இரண்டு குச்சியையும் சரிவாகச் சீவி, சீவிய முகமும் முகமும் சேர வைத்து, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றிவிட்டால் தீர்ந்தது. கிட்டாரையும் அப்படித்தான் செய்தார். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினார். முறிந்த இடத்தில் இரண்டு பக்கமும் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்த மரத்தைக் கத்தியால் சீவ ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா சீவுறீக?"

"பிசிறு இருந்தா ஒட்டுப் பிடிக்காது. வெட்டு வாய் சுத்தமா இருக்கணும்."

வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக வந்தது. பசை தடவினார், சேர்த்தார், நாடாவைச் சுற்றினார், அதன்மேல் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினார். கடைசியில் பழக்க தோஷத்தில் ஈரம் காக்கிற பாலித்தீன் பையை எடுத்துக் கிட்டாரின் தலைக்கு மாட்டப் போனார். நான் சிரித்துவிட்டேன். அவர் பையைக் கீழே போட்டார், சிரிக்கவில்லை.

பஸ் வந்தது. அண்ணன் முன்னால் வந்தான், அம்மா பின்னால். கட்டிலில் கட்டுப் போட்ட நோயாளியாகக் கிட்டார் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"நாந்தாம்ப்பா. எடுத்து ஓரமா வைக்கலாம்னு போனேன். கை தவறிருச்சு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வேறொருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் உட்கார்ந்து கட்டை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தான். பசை காயாததால் தலை கையோடு வந்துவிட்டது. வெட்டு வாயை விரலால் தடவினான்.

"சீவுனீகளா?"

"ஆமாப்பா."

"சீவியிருக்கக் கூடாது. சிலாம்பும் சிலாம்பும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயி கோத்துக்கிடும். இப்ப நடுவுல இடைவெளி விழுந்துருச்சு. இது கொடி இல்லப்பா, செத்த மரம். தானா வளந்து மூடாது."

அவன் வந்து மூன்று மாதத்தில் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் வந்தது அன்றுதான். தன் கத்தி வேலையைப் பற்றி யார் யோசனை சொன்னாலும் அப்பா அன்றைக்குச் சாப்பிடமாட்டார். அப்படிப்பட்டவர் கைகட்டி நின்று, "சரிப்பா. இப்ப என்ன செய்யணும், நீ சொல்லு" என்றார். திட்டு வாங்கினால் அப்பாவும் கைகட்டித்தான் நிற்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அறுவை மில்லுக்குப் போய் மரத்தூள் வாங்கி வந்தார். அண்ணன் சொல்லச் சொல்ல, பசையில் குழைத்து இடைவெளியை அடைத்து, மறுபடி டியூபால் கட்டினார். இரண்டு நாள் கம்பி மாட்டக் கூடாது என்றான் அண்ணன்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் சத்தமே இல்லை. அம்மா அரிவாள்மணையை அண்ணனின் அறை வாசலுக்கு நகர்த்திக்கொண்டு அங்கேயே காய் நறுக்கினாள், அங்கேயே சாப்பிட்டாள். அப்பா கவாத்து ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, சுற்ற வேண்டியதே இல்லாத கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். கிட்டாரை என்னிடமிருந்து காவல் காக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு தடவை தவறியதற்கு இவ்வளவு சந்தேகமா என்று கோபம்கூட வந்தது.

மூன்றாம் நாள் கம்பி மாட்டினான். கிட்டார் பாடியது. ஆனால் அடைத்த ஒட்டு இழுவையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சுருதி இறங்கிவிடும். அண்ணன் வாசிப்பை நிறுத்துவான். உடனே அடுப்படியில் கரண்டி நிற்கும்.

"ஏ பிள்ளே, அண்ணனுக்குக் காபி கொண்டு போ."

ஒரே காலையில் ஏழு காபி. அண்ணன் ஒன்றையும் தொடவில்லை. ஆடை படிந்த டம்ளர்கள் ஜன்னல் கட்டையில் வரிசையாக நின்றன. கிட்டாரை உடைத்தது யார் என்று அம்மா எப்படியோ கண்டுபிடித்து, எனக்கு நடை தண்டனை விதித்திருக்கிறாள் என்றே நம்பினேன்.

மதுரையில் அண்ணன் தனக்கு என்ன செய்துகொண்டான் என்பதை அம்மா எனக்குச் சொன்னது நான் பன்னிரண்டாவது முடித்த பிறகுதான். ஹாஸ்டல் சோற்றில் விஷம் இல்லை, அதை அவன் கடையில் வாங்கியிருக்கிறான். இதை எழுதலாமா என்று போன மாதம் அவனிடம் கேட்டேன். "எழுது. உடைச்சது அப்பா இல்ல, நீதான்னும் எழுது" என்றான். அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

எட்டாவது காபியோடு நான் போனபோது அவன் கிட்டாரின் தலையில் காதை வைத்துக்கொண்டு ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். டம்ளரைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், பிறகு வெகுநேரம் என்னைப் பார்த்தான்.

"அம்மாட்ட போயிச் சொல்லு. சத்தம் நின்னா ஒண்ணுமில்ல, கம்பிதான் முறுக்குறேன். பயப்பட வேணாம்னு சொல்லு. அப்பாட்டயும் சொல்லு."

ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். புறவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, உள்ளே வராமல், நிலையைப் பிடித்தபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கம்பி தளர்ந்தால் முறுக்கினால் போயிற்று. "அவன் நல்லாத்தாம்மா இருக்கான், கிட்டார்தான் சரியில்ல" என்று எடுத்துச் சொன்னேன். அம்மா இன்னும் அதிகமாக அழுதாள். உள்ளே அண்ணன் முறுக்கிக்கொண்டிருந்தான். ஒற்றைக் கம்பி ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி, எங்கே நிற்பது என்று தேடிக்கொண்டிருந்தது.