அங்கன்வாடி மாத்திரை

குமராட்சியில் எழிலரசி டீச்சர் என்றால் அழுக்கு நகம் வளர்த்த பிள்ளைகளுக்கு உதறல்தான். பதினோரு வருஷமாக அங்கன்வாடியில் பூச்சி மாத்திரை கொடுக்கிறவள். ஆயிரம் பேரைக் கொன்றால்தான் அரை வைத்தியன் என்பார்கள். இவளுக்கோ மாத்திரை கொடுத்தே முழு வைத்தியராகிவிட்டதாக நினைப்பு.

மினிபஸ் ஓட்டும் அவள் கணவன் கதிரவனுக்கு ஒருநாள் ஸ்டாண்டில் வைத்து வலிப்பு வந்தது. வண்டி நின்றிருந்தது, யார் செய்த புண்ணியமோ. சிதம்பரத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டர் மாலதி, மூளையில் நாடாப்புழுக் குஞ்சுகள் இருப்பதாகச் சொன்னார்.

"பன்னிக்கறிய நான் மோந்துகூட பாத்ததில்ல மேடம்" என்றான் கதிரவன்.

"கறி தின்னவங்க வயித்துல பெரிய புழு வளரும். அவுங்க கை சரியா கழுவாம, அந்தப் புழு முட்டை அடுத்தவங்க சோத்துல கலந்தா, இப்படி மூளைக்குப் போயிடும். திங்கக்கிழமை அட்மிட் ஆவுங்க, அப்பதான் புழு மருந்து. அதுவரைக்கும் வலிப்பு மாத்திரை மட்டும்."

சீட்டில் மருந்தின் பெயரைப் பார்த்த எழிலரசிக்குச் சிரிப்பே வந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே மாத்திரை! இதற்கா ஐந்து நாள் காத்திருக்க வேண்டும்? அங்கன்வாடியில் மிஞ்சி வீட்டுக்கு எடுத்துவந்திருந்த அட்டையைப் பிரித்து, காலையும் மாலையும் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலை, தலை வெடிக்கிறது என்று கத்தினான். வலிப்பு வந்தது. நின்றது. நினைவு திரும்புமுன் மறுபடியும் வந்தது. ஆம்புலன்ஸில் அவன் தலையை ஒருக்களித்துப் பிடித்தபடி, என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று நினைத்துக்கொண்டாள்.

"வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்றார் மாலதி.

வேலை போய்விடும். பொய் நாக்கு நுனிவரை வந்தது. "குடுத்தேன் மேடம். அங்கன்வாடி மாத்திரை. அஞ்சு."

"புழு சாவுறப்ப சுத்தி மூளை வீங்கும்மா! மொதல்ல வீக்கத்துக்குக் குடுத்துட்டுத்தான் புழுவத் தொடணும்" என்று ஊசிக்கு ஓடினார் டாக்டர்.

இரண்டு நாள் அவன் கண் திறக்கவில்லை. அவளும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டான். இனி ஒன்றிரண்டு வருஷம் மாத்திரை, அநேகமாக வலிப்பு நின்றுவிடும், டாக்டர் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார்கள். உயிர் வந்தது அவளுக்கு.

அன்று மத்தியானமே, டாக்டர் எடுக்கச் சொல்லியிருந்த வீட்டாரின் மலப் பரிசோதனை முடிவும் வந்தது. பெரிய புழு எழிலரசியின் வயிற்றில்தான் இருந்தது. முதுநகரில் தன் அண்ணன் வீட்டு விருந்துகளில் பன்றிக்கறி தின்றவள் அவள். அவனுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டவளும் அவள்.

கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கதிரவன் கேட்டான். "யாராண்டேர்ந்து வந்துச்சாம்?"

கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கிட்டேர்ந்துதான்."

அவன் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு, "எழிலு, கஞ்சி ஆறுது" என்றான்.

அவள் தன் கையைப் பார்த்தாள். எழுந்துபோய், மிச்சத்தை ஊட்டிவிட நர்ஸைக் கூப்பிட்டாள்.