லைன் மூன்றின் சொந்தக்காரர்

ஹெலனிடம் யாராவது "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று சொன்னால் அவள் முகமே மாறிவிடும். எனக்கு அந்த முகம் ரொம்பப் பிடிக்கும். மறைமலைநகரில் நாங்கள் வேலை பார்க்கும் பிரேக் பெடல் கம்பெனியில் அட்ஜஸ்ட் பண்ணியே தலை நரைத்தவர்கள்தான் அதிகம். ஸ்டோர்ஸில் இருக்கும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஹெலன் மதுராந்தகம் பக்கத்துப் பெண். அப்பா மோசஸ் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். பாலிடெக்னிக் முடித்த கையோடு, மௌஸ் மாற்றவும் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவவும் இங்கே வந்தாள். அப்போதெல்லாம் பாஸ்வேர்டை மானிட்டர் மேலேயே ஒட்டி வைத்திருப்போம். வேலையை விட்டுப் போனவன்கூட எங்கள் மெயிலை வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தான்.

ஹெலன்தான் மேலிடத்தை நச்சரித்து டைரக்டரி அமைத்தாள். இங்கே யார் யார் வேலை செய்கிறார்கள், யார் எந்தக் கணினியைத் திறக்கலாம், எந்த ஃபைலைத் தொடலாம் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஏற்பாடு அது. எந்தக் கணினியும் அதைக் கேட்டுத்தான் ஆளை உள்ளே விடும். ஆளுக்கு ஒரு கணக்கு என்பது அவள் போட்ட சட்டம். ஒவ்வொரு துறையிலும் வந்து உட்கார்ந்து, யாருக்கு என்ன தேவை என்று கேட்டுக் கேட்டுக் கட்டினாள். அதிகாரிகளுக்குக்கூட தேவைக்கு மேல் எதையும் திறந்துவிடவில்லை. அதனால் பாதிப் பேர் அவளை முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

கான்ட்ராக்ட் ஆட்கள் விஷயத்தில்தான் உற்பத்தி மேனேஜர் தமிழ்வாணன் குறுக்கே வந்தார். இன்று இருப்பவன் நாளைக்கு இருக்க மாட்டான், அவனுக்கு எதற்குத் தனிக் கணக்கு என்பது அவர் கட்சி. பெடல் பூட்டும் மூன்றாம் லைன் முழுக்க ஒரே பாஸ்வேர்டு போதும் என்று மெயில் போட்டு, மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கிவிட்டார். ஹெலன் வேண்டா வெறுப்பாக அந்தக் கணக்கைத் திறந்தாள். அதற்குப் பொறுப்பாளர் யார் என்று டைரக்டரி கேட்டது. அப்புறம் பார்த்துக்கலாம் என்றார் தமிழ்வாணன். அந்த இடம் காலியாகவே கிடந்தது.

போன மாதம் மூன்றாம் லைனில் யாரோ திருகு இறுக்கும் அளவை மாற்றிவிட்டார்கள். பெடல்கள் மொத்தமாகத் திரும்பி வந்தன. மாற்றியது யார் என்று விசாரிக்க, பெடல் வாங்கும் கம்பெனி தன் ஆடிட்டரை அனுப்புவதாகச் சொன்னது. கணினியில் இருந்ததோ 'லைன் 3' என்ற கணக்கின் பெயர் மட்டும். அந்த பாஸ்வேர்டு லைனில் எல்லோருக்கும் தெரியும், டீ கொண்டு வருபவருக்கும் தெரியும்.

தமிழ்வாணன் ஹெலனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் ஸ்டாக் கணக்கு காட்ட அங்கேதான் நின்றிருந்தேன். பொறுப்பாளர் என்று காலியாக இருக்கும் இடத்தில் பாப்பா பெயரைப் போடச் சொன்னார். பாப்பா அந்த லைனில் வேலை செய்யும் கான்ட்ராக்ட் பெண். பஸ் போன பிறகும் பெண்களை வேலையில் நிறுத்தி வைக்காதீர்கள் என்று அவரிடம் எல்லோர் முன்னாலும் சொன்னவள். அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை. பெயர் ஏறினால் அவள் வேலை அன்றோடு போய்விடும். வேறு கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள்.

"ஒரு பேரு தானே. போட்டுட்டுப் போம்மா."

"யாரு மாத்துனாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது சார். தெரியாததைப் போட மாட்டேன்."

உன் அட்மின் உரிமையைப் பிடுங்கிவிட்டு வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொள்வேன் என்று மிரட்டினார்.

"புடுங்குங்க சார். புடுங்கினதும் அதுல பதிவாவும்."

மேசைக்குத் திரும்பியவள் அந்த இடத்தை அப்போதே நிரப்பினாள். பொறுப்பாளர்: தமிழ்வாணன். கணக்கைக் கேட்டு வாங்கியவர் அவர்தானே. எல்லா அட்மின்களுக்கும் பொதுவான ஒரு கணக்கு உண்டு, அதில் போட்டிருந்தால் யார் போட்டது என்று தெரிந்திருக்காது. அவள் தன் சொந்தக் கணக்கில் நுழைந்துதான் போட்டாள்.

ஆடிட்டர் வந்த அன்று எல்லாத் துறைக்காரர்களையும் கூட்டியிருந்தார்கள். திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் தமிழ்வாணன் சிவந்துபோனார். இது தவறு, என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள் என்று கத்தினார். யார் போட்டது என்று ஆடிட்டர் கேட்டார். ஹெலன் எழுந்து நின்றாள்.

"நான்தான் போட்டேன். அவர் அனுப்புன மெயில் இதோ கீது. தப்புன்னா, வேற யாரு பேரு போடணும்னு அவரையே சொல்லச் சொல்லுங்க, உங்க எதிர்லயே மாத்திடறேன்."

எல்லோரும் தமிழ்வாணனைப் பார்த்தோம். தன் அறையில் அவ்வளவு சுலபமாக வந்த பாப்பாவின் பெயர் அங்கே அவர் வாயில் வரவே இல்லை. எனக்கு அடக்க முடியாத சந்தோஷம்.

சாயங்காலம் பாப்பா எங்களோடு பஸ்ஸில் ஏறினாள். ஹெலனின் வேலை நிலைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. பயமாக இல்லையா என்று அவளிடம் கேட்டேன்.

"இருக்குதுக்கா. வேலை போனாப் போவட்டும். நான் கட்டுனது அது, அதுல பொய் ஏற வுட மாட்டேன்."