கண்டக்டரின் மப்ளர்

நெல்லிவாசல் போகும் காலைப் பேருந்தில் ஒரே ஒரு நாள் பார்த்த கண்டக்டர் அவர். ஒல்லியான, கூச்சமான ஆள். வண்டி மலை ஏறும் முன்பே குல்லா, கையுறை, மப்ளர் எல்லாம் மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய டிக்கெட் கொடுத்தார்.

மேலே நல்ல பனி. ஒரு வளைவில் எதிரே வந்த லாரிக்காக வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. விசில் ஊத மப்ளரை இறக்கிவிட்டுப் படியில் நின்றார். உள்ளே திரும்பியபோது கன்னமெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

என் எதிர் இருக்கையில் இருந்த அம்மாள், அம்மை என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து கும்பிட்டார்.

"ஆத்தா முத்து போட்டிருக்கா. இன்னாத்துக்கு சாமி வேலைக்கு வந்த? குந்து."

மறுக்கத் தெரியாமல் அவர் அந்த இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "சில்லுன்னு காத்து பட்டாலே இப்டி ஆவுது சார். வெறும் காணாக்கடி, தோல் தடிப்புதான். டெய்லி மாத்திரை போட்டுக்கினுதான் வர்றேன்."

"அவங்ககிட்டயே சொல்லிடுங்களேன்."

"கும்புட்டுட்டாங்களே சார். இப்ப போய் இன்னான்னு சொல்றது?"

அந்த அம்மாள் தன் ஊர் வரும்வரை வெறுங்காலோடு நின்றுகொண்டே வந்தார். இவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

மத்தியானம் அதே வண்டியில் திரும்பினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. குல்லாவும் மப்ளரும் அவருடைய பைக்குள் போயிருந்தன. காலையில் இறங்கிய இடத்திலேயே அந்த அம்மாள் கையில் வேப்பிலைக் கொத்தோடு வண்டியை எதிர்பார்த்து நின்றிருந்தார். கண்டக்டர் அவசரமாக மப்ளரை எடுத்துக் கண்வரை சுற்றிக்கொண்டார்.

மறைப்பதற்கு அந்த முகத்தில் அப்போது ஒரு தடிப்புகூட இல்லை.