செக்கர் வீட்டில் காணாமல் போன முட்டைகள்

பஸ் செக்கர் வீட்டு மீன் தொட்டியில் முட்டைகள் களவு போகின்றன. எடுப்பது அவருடைய மச்சான்தான். எடுத்துக்கொண்டு போய்த் தன் தொட்டியில் பொரிக்க வைத்து, மீன் கடையில் தள்ளிவிடுகிறான். குடியிருப்பு முழுக்க இதே பேச்சு. பேச்சைச் சும்மா விடலாமா? விசாரித்தோம். எங்களுக்குச் சொன்னவர் இஸ்திரிக்காரர். அவருக்குச் சொன்னவர் இரண்டாம் மாடி அக்கா. அக்காவிடம், "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சொல்லிவைத்தவர் சாட்சாத் செக்கரேதான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தொழில் அப்படி. பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் தூங்குகிறவர் நிஜமாகவே தூங்குகிறாரா என்று பார்ப்பார். டிக்கெட்டைத் தயாராக நீட்டுகிறவரை இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார். வீட்டில் காபி நன்றாக இருந்தால், "என்ன விசேஷம்?" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் மனசைப் பறிகொடுத்தது விரல் நீளம்கூட இல்லாத குட்டை சிக்லிட் மீன்களிடம். மனைவியின் தம்பி அடுத்த தெருவில் இருக்கிறான். அவன் தொட்டியில் மஞ்சள் நிறத் தாய் மீன் தன் குஞ்சுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவதைப் பார்த்த நாள் முதல் செக்கருக்கு வேறு ஆசையே இல்லை. தன் வீட்டிலும் ஒரு தடவை அந்த ஊர்வலம் நடந்துவிட வேண்டும்.

மச்சான் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து விட்டான். "காசெல்லாம் வேணாம் மாமா. முதல்ல வர்ற குஞ்சுகள்ல ஒரு ஜோடி திருப்பிக் குடுங்க, போதும்."

அவன் போனதும் செக்கர் மனைவியிடம் கேட்டார்: "சும்மா குடுக்கறானே, மீனுக்கு ஏதாவது சீக்கா?"

சீக்கெல்லாம் இல்லை. கவிழ்த்து வைத்த பூச்சட்டிக்குள் புகுந்து, அதன் உட்கூரையில் பெண் மீன் முட்டைகளை ஒட்டியது. செக்கருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டூட்டி டார்ச்சை எடுத்துச் சட்டிக்குள் அடித்தார். வேலைக்குப் போகும்போது ஒரு அடி, வந்ததும் ஒரு அடி, பல் தேய்த்துக்கொண்டே இன்னொன்று. பயணிகள் எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா? மறுநாளே சட்டி துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

முதல் குற்றவாளி அப்பா மீன். அடுத்த முறை முட்டை வந்ததுமே அதைப் பிடித்து வாளியில் போட்டார். அப்படியும் முட்டை போயிற்று. அப்பாவை விடுதலை செய்துவிட்டு, நத்தைகளைப் பொறுக்கி நாடுகடத்தினார். அப்புறமும் போயிற்று. மிச்சம் இருப்பது யார்? மச்சான் வந்துபோன மறுநாள்தானே போயிற்று? அவன் கையில் ரப்பர் குழாய் வேறு இருந்ததே! தண்ணீர் மாற்ற அதைக் கொண்டுவரச் சொன்னவர் தாம்தான் என்பது அவருக்கு மறந்தே போனது. தொட்டி மூடியில் நூல் கட்டிவைத்தார். நூல் அறவில்லை, முட்டையைக் காணோம். நூல் அறாமல் எடுக்கத் தெரிந்தவன் என்று மச்சான் திறமைமேல் மதிப்புதான் கூடியது.

அடுத்த தடவை அவனை மாடிப்படியிலேயே மறித்தார். "பையைத் திற."

"மாமா, நான் என்ன பஸ்ஸுலயா ஏறிட்டேன்?"

"மடியில கனம் இல்லன்னா திறக்க வேண்டியதுதானே?"

திறந்தான். உள்ளே ஒரு டப்பா. "குஞ்சு வந்தா போடறதுக்குத் தீனி. உங்களுக்குத்தான்." டப்பாவைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனவன் அப்புறம் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. அவன் அக்காவும் செக்கரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

பெண் மீன் மறுபடி முட்டையிட்டு மஞ்சளானது. மனைவி பழைய பெட்ஷீட்டைத் தொட்டிமேல் போர்த்தி, துணிக் கிளிப் போட்டு, டார்ச்சைத் தன் பீரோவில் பூட்டினாள். "இந்தத் தடவை நீங்க பாக்கக் கூடாது. என் தம்பி திருடனா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்."

செக்கர் பெட்ஷீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒருநாள் காலை அவள் கிளிப்பைக் கழற்றினாள். மணல்மேல் தூசு மேகம் போல் ஏதோ நகர்ந்தது. பக்கத்திலேயே மஞ்சள் தாய். அது திரும்பினால் மேகமும் திரும்பியது. செக்கர் தலைகளை எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கை குழம்பியதும் சொன்னார்: "பாத்தியா, தம்பி வரல. தப்பிச்சுது!"

"தம்பி வரலதான். டார்ச்சும் வரல."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"முகத்துல லைட் அடிச்சுக்கிட்டே இருந்தா, அது மிரண்டு தன் முட்டையத் தானே தின்னுடுமாம். 'எட்டிப் பாக்காதீங்க மாமா'ன்னு தம்பி முதல் நாளே சொன்னான். 'பாக்கக் கூடாதுங்கறானே, எதையோ மறைக்கறான்'னு சொன்னது யாரு?"

செக்கர் அப்போதே இரண்டாம் மாடிக்குப் போய், "மச்சான் எடுக்கலயாம்" என்றார். "குடும்ப மானம்னு மூடி மறைக்கறீங்க. உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றாள் அக்கா. சாயங்காலத்துக்குள் இஸ்திரிக்காரரும் அவர் மனசைப் பாராட்டினார்.

குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. சிலதுக்கு வாலில் நிறம்கூட ஏறிவிட்டது. "தம்பிக்கு அந்த ஜோடியை எப்பக் குடுக்கப் போறீங்க?" என்று மனைவி கேட்கிறாள்.

"ஆண் எது, பெண் எதுன்னு தெரிய வேணாமா? பெண் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டுத் திரியற ஆணும் இதுல உண்டாம். ரெண்டு ஆணைக் குடுத்துட்டா, அவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

என்ன நினைப்பான் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த தெரு மாடிப்படியில் அவன் நின்றுகொண்டு, பையைத் திறக்கச் சொன்னால்? ஜோடி இன்னும் போய்ச் சேரவில்லை. குஞ்சுகள் தின்று தீர்த்த அந்தத் தீனி டப்பாவும் கழுவித் துடைத்தபடி தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது.