இலைக்குள் போன ப்ளேட்டு

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். எழுத்து கோணலாகத்தான் வரும். ஒற்று எங்கே போட வேண்டும், எங்கே கூடாது என்பது இன்றைக்கும் தெரியாது. சொல்ல வந்ததை நடுவிலே மறந்துவிட்டு வேறு எங்கேயோ போய்விடுகிற பழக்கமும் இப்போது வந்திருக்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இன்னும் மோசம். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை. ஒன்பதாவது படிக்கிறாள். போன மாதம் அவளுக்குப் பல்லில் கம்பி போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் என் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு அழுதாள். பள்ளிக்கூடத்தில் முள்வேலி என்று கூப்பிடுகிறார்களாம். எனக்கும் சின்ன வயதில் கம்பி போட்டார்கள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

"சும்மா சொல்லாதீங்க ஆச்சி. உங்க காலத்துல பல்லு வெளக்கவே கரிதான" என்றாள்.

கரிதான். ஆனால் கம்பியும் இருந்தது.

என்னைப் பெற்றவள் எனக்கு மூன்று வயதாகும்போதே போய்விட்டாள். அப்பாவுக்கு இராஜபாளையத்தில் மில் வேலை, மாறி மாறி ஷிப்டு. அவர் வீட்டில் இருந்தால் தூங்குவார், தூங்காவிட்டால் மில்லில் இருப்பார். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அவளுக்கு அடுப்படியும் தண்ணீர்க் குடமும் சரியாக இருந்தது. எனக்குத் துணை என் வலது கைப் பெருவிரல். எட்டு வயது வரைக்கும் அதை வாயில் போட்டுச் சப்பினேன். அத்தை விரலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். இரண்டு நாள் கசந்தது. மூன்றாம் நாள் அதுவும் பழகிவிட்டது.

விரல் சப்பியே மேல் பல் நான்கும் முன்னால் வந்துவிட்டன. உதடு மூடாது. பள்ளிக்கூடத்தில் என் பேர் போய்த் துருவி என்று ஆயிற்று. "ஏட்டி துருவி, எங்க வீட்டுல ஒரு மூடித் தேங்கா இருக்கு, வந்து துருவித் தந்துட்டுப் போட்டி" என்பார்கள். நான் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்து பழகிக்கொண்டேன்.

அத்தைக்கும் அதே பல்தான். அவளுக்கு விரல் சப்பி வந்ததில்லை, பிறந்த வாகு என்பார்கள். சிரிப்பு வந்தால் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். பேசும்போதுகூட மேலுதட்டை இழுத்து இழுத்து மூடிக்கொள்வாள். அப்போதே அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. சிலருக்கு வெற்றிலை போடுகிற பழக்கம் போல அத்தைக்கு முந்தானையைக் கடிக்கிற பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து உட்காருவார். யார் சொல்லி அத்தை தெரிந்துகொண்டாளோ, அப்பாவிடம் பிடிவாதமாக நின்று என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு கரண்டி நிறைய மாவு மாதிரி எதையோ என் வாயில் அடைத்து அச்சு எடுத்தார். இரண்டு வாரம் கழித்து ப்ளேட்டு வந்தது. அண்ணத்தில் ஒட்டி உட்காருகிற சிவப்புத் தகடு. அதிலிருந்து ஒரு கம்பி கிளம்பி முன்பற்களைச் சுற்றி வரும்.

டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம், அத்தை தினமும் ஒப்பித்ததால். சாப்பிடும்போது தவிர வேறு எப்போதும் கழற்றக் கூடாது. பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், வெந்நீர் பட்டால் கோணிப்போகும். கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும், தாளிலோ துணியிலோ சுற்றி வைக்கக் கூடாது. மாதம் ஒரு தடவை கம்பியை இறுக்குவார், அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வலிக்கும், பயப்பட வேண்டாம். பல் வரிசைக்கு வந்த பிறகும் ரொம்ப நாள் ராத்திரியில் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். "பல்லு பழைய இடத்தை மறக்காதும்மா, விட்டா திரும்பிப் போயிரும்" என்றார்.

வாய்விட்டுப் பேசப் பேசத்தான் நாக்குக்குப் ப்ளேட்டு பழகும் என்றும் சொன்னார். யாரோடு பேசுவது? 'ச' சொன்னால் காற்றாக வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதற்குக்கூடக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை, கம்பியை இறுக்கி முடித்ததும், அத்தை கிளம்பாமல் நின்றாள்.

"பெரியவங்களுக்கும் இது போடலாமா டாக்டர்?" என்று கேட்டாள். குரல் பாதிதான் வந்தது.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலை எடுக்காமல், "போடலாமே. எலும்பு முத்திப்போயிருக்கும், நாள் கூட ஆகும். இந்த ப்ளேட்டு பத்தாது. மதுரைக்குத்தான் வரணும். யாருக்கு?" என்றார்.

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்றைக்குப் பஸ்ஸில் ப்ளேட்டு டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தாள். எனக்கும் வலி. அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் நடந்தது. தேவதானத்திலிருந்து ஒரு வீட்டார் அந்தக் கல்யாணத்துக்கு வருவதாகவும், அங்கேயே சாடையாக அத்தையைப் பார்த்துக்கொள்வதாகவும் பேச்சு. அதற்கு முன் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, பொறவு சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் நாலைந்து பேர். அதனால் இந்தத் தடவை இப்படி. பிடித்துப்போனால் மாப்பிள்ளையின் அம்மா அங்கேயே அத்தை தலையில் பூ வைத்துவிடுவார், பூவோடுதான் வருகிறார் என்றும் ஏற்பாடு. இதெல்லாம் நான் பின்னால் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான். அத்தையின் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கு ஒரு நா உங்க அத்தை கூட ஒட்டிக்கிட்டு அலையாதட்டி" என்றார்.

பந்தியில் என்னைக் கடைசியில், தெரியாத பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். அத்தை தூரத்தில், தேவதானத்துப் பெண்களுக்கு நடுவில் இருந்தாள். பச்சைப் பட்டுச் சேலை. உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். ப்ளேட்டு வைக்கிற டப்பா அத்தையின் பையில் இருந்தது. எழுந்து போய்க் கேட்கக் கூச்சம். பக்கத்துப் பிள்ளைகள் பார்க்க வாயிலிருந்து எடுப்பதற்கும் கூச்சம். குனிந்து, தும்முவது போலக் கையை வாயில் வைத்து, ப்ளேட்டை எடுத்து இலையின் நுனிக்கு அடியில் நகர்த்தி வைத்தேன். இலை மூடிக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை.

சாப்பாட்டில் பூசணிக்காய்க் கூட்டு இருந்தது ஞாபகம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்தால் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும் என்று அத்தை பழக்கியிருந்தாள். ஒழுங்காக மடித்துவிட்டு எழுந்தேன். கை கழுவி வாய் கொப்பளிக்கும்போது நாக்கு மேலே போய்த் தொட்டது. வெறும் அண்ணம். ஓடி வந்து பார்த்தால் இலைகளை எடுத்துவிட்டு, தரையைத் துடைத்து, அடுத்த பந்திக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் போய்க் காதோரமாகச் சொன்னேன். அவள் முகம் அப்படியே நின்றது. மடியில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அத்தையின் சித்தி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, எங்கட்டி போற? அவிய பாத்துக்கிட்டு இருக்காக. உக்காரு."

"இலையை மாடு தின்னுரும் சித்தி" என்று சொல்லிவிட்டு அத்தை நடந்துவிட்டாள்.

சத்திரத்துக்குப் பின்னால் எச்சில் இலைக் குவியல் என் உயரத்துக்கு இருந்தது. ஒரு பக்கம் இரண்டு மாடுகள் தின்ன ஆரம்பித்திருந்தன. அத்தை அவற்றை விரட்டினாள், முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள், ஒவ்வொரு இலையாகப் பிரிக்கத் தொடங்கினாள். சோறு, ரசம், பாயசம், அப்பளத்துண்டு. பட்டுச்சேலையின் கரையெல்லாம் ஈரம். இலை கொட்ட வந்த வேலைக்காரப் பெண் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னம்மா, மோதிரமா தோடா?"

"பல்லுக்கு மாட்டுறது."

"பல்லா! யாருக்கு விழுந்துச்சு, மாப்பிள்ளைக்கா?" என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பில் அடுக்களைக்குள் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மாட்டுக்கும் சத்தம் பிடிக்கவில்லை போல, தள்ளிப் போய் நின்றது.

நான் பின்கட்டுக் கதவோரம் நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா வந்து நின்றார். வெள்ளைக்கல் மூக்குத்தி. கையில் வாழையிலையில் சுற்றிய சின்னப் பொட்டலம். கொஞ்ச நேரம் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கேட்டார்.

"நீ அந்தப் பிள்ளை கூட வந்தவளாத்தா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எதைத் தேடுதா? உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

வாயில் ப்ளேட்டு இல்லை. அன்றைக்கு என் பேச்சு தெளிவாகத்தான் வந்திருக்கும். எங்க அத்தை, எனக்காகத்தான் தேடுதா என்று நாலே வார்த்தை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று மட்டும்தான் எனக்கு இருந்தது.

அப்போது அத்தை, "கெடச்சிருச்சுட்டி!" என்று கத்தினாள். ப்ளேட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, என்னைத் தேடிக் கண்ணை ஓட்டிக்கொண்டே சிரித்தாள். முந்தானை இடுப்பில் இருந்தது. இரண்டு கையிலும் எச்சில். மூடிக்கொள்ள ஒன்றும் இல்லை. எல்லாப் பல்லும் தெரிய, ஈறு தெரிய அத்தை சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

"கொண்டுவந்த பூவைத் திருப்பிக் கொண்டுபோகப்புடாது. இந்தா, நீ வச்சுக்கத்தா" என்று சொல்லி, என் சடையில் அதை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் தலையில் அவ்வளவு பூ அதுவரை யாரும் வைத்ததில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சடையை முன்னால் போட்டு முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ப்ளேட்டை அத்தை ஐந்தாறு தடவை குழாயில் கழுவி டப்பாவில் வைத்திருந்தாள். கம்பி கொஞ்சம் வளைந்திருந்தது. அவள் கையில் இன்னும் ரசவாடை போகவில்லை.

"அத்தை, பூ நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

என் தலையையே பார்த்தாள்.

"யாரு வச்சா?"

"ஒரு அம்மா. மூக்குத்தி போட்டிருந்தாக."

"நல்லாருக்குட்டி" என்றாள் அத்தை. பூ நசுங்காமல் என் சடையைத் தோளில் சரியாக எடுத்து விட்டாள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்து சேரும் வரைக்கும் முந்தானை வாயிலேயே இருந்தது. ப்ளேட்டைத் தொலைத்ததற்கு ஏன் அடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

டாக்டர் கம்பியைச் சரி பண்ணிக் கொடுத்தார். ஒன்றரை வருஷத்தில் பல் உள்ளே போய்விட்டது. ராத்திரி ப்ளேட்டை மாட்டாமல் அத்தை என்னைப் படுக்க விட்டதே இல்லை. தளவாய்புரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. மாமியார் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து என் தலையில் பூ வைத்தபோது அந்த வாசனை வந்தது. அத்தையைத் தேடினேன். அடுக்களைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள், வாயில் முந்தானையோடு.

அந்தக் கதவோரத்தில் நான் இரண்டு தடவை தலையாட்டியதை அவளிடம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. நான் தளவாய்புரம் போனேன். அப்பா போனார். அத்தை அந்த வீட்டில் ரொம்ப வருஷம் தனியாக இருந்துவிட்டுப் போனாள். நானும் இப்போது தனியாகத்தான் இருக்கிறேன். அத்தை பாடுபட்டு உள்ளே தள்ளிய பல்லெல்லாம் விழுந்துவிட்டது. மறுபடியும் ஒரு ப்ளேட்டு, மறுபடியும் ஒரு டப்பா, மறுபடியும் 'ச' வரவில்லை. பேச ஆள் இல்லாததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ப்ளேட்டு இலைக்குள் போனதை மட்டும் சொன்னேன், நன்றாகச் சிரித்தாள். கம்பி தெரிந்தது. "இப்பல்லாம் பெரியவங்களே போட்டுக்கிடுதாக ஆச்சி. எங்க டீச்சருக்கு நாப்பது வயசு, அவங்களும் கம்பி போட்டிருக்காங்க" என்றாள். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பது போல நின்றேன்.

இதில் தப்பு இருக்கலாம். அது மல்லிகையா பிச்சியா என்று எனக்கு நிச்சயமில்லை. சத்திரம் எந்தத் தெரு என்பதும் மறந்துவிட்டது. அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துத் திருத்த வேண்டும். தேவதானத்தில் அந்த அம்மாவின் வீட்டார் யாராவது இதைப் படித்தால் ஒன்றை மட்டும் கேட்டுச் சொல்ல வேண்டும். அத்தை சிரித்ததைப் பார்த்துத்தான் அவர் பொட்டலத்தைப் பிரித்தாரா, அல்லது அதற்கு முன்பே, நான் தலையாட்டியபோதே, அவருடைய மனசு மாறிவிட்டதா?