மோர்ப் பந்தலில் சொன்னது

கூடலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். கதிரேசன் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்று அவர் மனைவி பேச்சியம்மாள் மதினி போனில் சொன்னார். அப்படியே எழுந்து பஸ் ஏறினேன்.

அண்ணன் அனுமந்தன்பட்டிக்காரர். தேனியில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். நான் அவருக்குக் கீழே ஃபிட்டர். நூல் அறுந்தால் மில் பெண்களைத் திட்டமாட்டார். “அறுந்தா ஒட்டுங்க தாயி, அதுக்கு ஏன் மொகம் வாடுறீக?” என்பார்.

அப்படிப்பட்டவர் 2004இல் ஒருநாள் ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மெஷின் அருகே நின்று அழுதார். மதுரை டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மூன்று மாதம் ஓய்வு எழுதினார். மில்லிலும் லீவு கொடுத்தார்கள்.

மாத்திரை ஒருபக்கம் இருக்க, மதினி வீரபாண்டி அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். சித்திரைத் திருவிழாவில் அண்ணன் தீச்சட்டி எடுத்தார். மதினியோடு திரும்பும் வழியில் எங்கள் முதலாளியின் நீர்மோர்ப் பந்தல். பந்தலைவிட அவர் படம் பெரிது.

“என்னப்பா, நல்லாத்தான இருக்க?”

“இல்ல சார். தூக்கமே இல்ல. மனசு நின்னுபோன மாதிரி இருக்கு.”

முதலாளி சிரித்துக்கொண்டே அடுத்த டம்ளரில் மோர் ஊற்றினார்.

மறுவாரம் அண்ணனுக்கு வேலை இல்லை. “தீச்சட்டி தூக்குறவனுக்கு என்ன சீக்கு?” என்றாராம் அந்த மேதாவி. எங்கள் பக்கத்தில் சீக்குக்காகத்தானே தீச்சட்டி எடுப்பார்கள்! சிறுநீரகக் கல்லுக்கு அவரே எடுத்தவர். அன்று மில்லுக்கே லீவு விட்டார். முதலாளிக்கு வந்தால்தான் அது சீக்கு போலும்.

வேலை போனதைவிட, “நடிச்சான்” என்ற பேச்சுதான் அண்ணனை வதைத்தது. வைத்தியத்தை விடாமல் பார்த்து, மெல்லத் தேறி, ஊரிலேயே சைக்கிள் கடை வைத்தார். ஆனாலும் என்னைக் கண்டால் போதும். “நெசமாச் சொல்லு தம்பி, நான் நடிச்ச மாதிரியா இருந்துச்சு?” என்பார். இல்லை என்பேன். அடுத்த முறையும் கேட்பார்.

துக்க வீட்டுக்கு முதலாளி காரில் வந்தார். கையில் மில் பெயர் போட்ட மாலை. இத்தனை வருடம் எட்டிப் பார்க்காதவருக்கு அன்று குரல் தழுதழுத்தது.

“நல்ல மனுசன். முடியலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

மதினி அழுகையை நிறுத்தினார்.

“சொன்னாகளே சார். நீங்க மோர் ஊத்திக்கிட்டு இருந்தீக.”

முதலாளி கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தபடி காருக்குப் போனார். அவர் வைத்துப்போன மாலையை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ஆடு வந்து தின்றது.

அண்ணே, ஊர் முன்னால் மதினி பதில் சொல்லிவிட்டார். இனி யாரிடமும் நீங்கள் கேட்கவேண்டாம். நன்றாகத் தூங்குங்கள்.