நெத்திலி மலிவான ஞாயிற்றுக்கிழமை

பழிவாங்குவது பாவம் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்களில் ஒருவர்கூடப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, தோட்டமே பார்க்க நான்கு மணி நேரம் வெயிலில் நின்றிருக்க மாட்டார். ஜெயமணி நின்றிருக்கிறாள். அதனால்தான் 1994 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் செய்த காரியத்துக்கு நான் ஒத்தாசை செய்தேன். செய்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

மலாக்காவில் செங் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் எங்கள் கூட்டுறவுக் கடை இருந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலையை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கு வந்த சனங்கள் பங்கு போட்டுத் தொடங்கிய கடை. அங்கத்தினர்களில் பாதிப் பேர் எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். நான் அந்தத் தோட்டம் இல்லை. கோலா சுங்கை பாருவில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து, கிளேபாங்கில் வாழ்க்கைப்பட்டவள். கடையில் பருப்பும் கருவாடும் நிறுத்துக் கொடுப்பது என் வேலை. பெயர் பவானேஸ்வரி. எல்லோருக்கும் பவானி அக்கா.

ஜெயமணி எட்டாங்கட்டைக்காரி. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கடை வாசலில் ஒரு சின்ன மேசை, மேசைமேல் ஒரு மைக். அன்றைக்கு எது மலிவு என்று அதில் சொல்ல வேண்டும். வெங்காய விலையைச் சொன்னால்கூட, சாலையில் போகிறவன் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிக் கேட்பான். அப்படி ஒரு குரல். அந்தக் குரல் வெங்காயத்துக்கு வந்து சேர்ந்த கதையைக் கடையில் சேர்ந்த இரண்டாவது வாரமே என்னிடம் சொல்லிவிட்டாள்.

1983இல் மலாக்கா டவுனில் ஒரு பாட்டுப் போட்டி. கிளீட்டஸ் என்று ஒருவன், தேவாலயப் பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கிறவன், நாலைந்து தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு இசைக்குழு வைத்திருந்தான். அவனும் ஜெயமணியும் சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. பாட்டோடு நிற்காமல் இரண்டு பேருக்கும் மனசும் ஒட்டிப்போயிருந்தது. வாத்தியங்களோடு லாரியில் வந்து அவளை ஏற்றிக்கொள்வதாக அவன் சொல்லியிருந்தான். மத்தியானம் இரண்டு மணிக்குத் தோட்டத்தின் ரப்பர் பால் ஸ்டோர் முன்னால் போய் நின்றவள் ஆறு மணி வரைக்கும் நின்றாள். ஸ்டோர் மறைத்ததால் தோட்டத்து கேட் அவளுக்குத் தெரியவில்லை. எதிரே தொழிலாளர்களின் லயத்து வீடுகள். அத்தனை வாசலிலும் ஆட்கள். லாரி வரவில்லை. அண்ணன் வீரமுத்துதான் வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அடுத்த வாரம் வானொலியில் கிளீட்டஸ் தனியாகப் பாடியது ஒலிபரப்பானது. முதல் பரிசாம்.

அதற்குப் பிறகு அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒருத்தன் நிற்க வைத்துவிட்டுப் போன பெண்தானே இது? இரண்டு மூன்று இடம் தட்டிப்போனது. அப்புறம் யாரும் வரவில்லை. அவள் சம்பளத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் அண்ணனுடைய வீடு மட்டும் எழும்பியது.

கிளீட்டஸைத் திட்டுவதில் ஜெயமணியை மிஞ்ச ஆள் உண்டென்றால் அது வீரமுத்துதான். அந்தக் காலத்தில் தோட்டத்தில் மண்டோர். எந்த ஆளுக்கு எந்த மர நிரை என்று பிரித்துக் கொடுக்கிற அதிகாரம் கையில் இருந்தது. இப்போது எங்கள் கூட்டுறவுக் கடையின் தலைவர். தங்கைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கடைக்குச் சாமான் வாங்க வரும் எட்டாங்கட்டை முனியாயி அக்காவும் தன் பங்குக்கு இரண்டு சாபம் விட்டுவிட்டுத்தான் போவார். எனக்குக் கிளீட்டஸின் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் பதினோரு வருஷத்து வெறுப்பை அவர்களோடு உட்கார்ந்து பங்குபோட்டுச் சாப்பிட்டேன்.

அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. சித்திரை வருஷப்பிறப்புக்கு முன்னால் ஒரு நாள் வெயில் கால மலிவு விற்பனை வைப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. தெம்பிக்காய் என்கிற தர்பூசணி, பார்லி, ரோஸ் சிரப், தயிர், வெள்ளரிக்காய், அரிசி, எண்ணெய், கருவாடு எல்லாம் மலிவு. கூட்டம் சேர்க்கப் பாட்டுக் கச்சேரி. குழுவில் இருந்த இளவட்டங்கள் பேசி வைத்த இசைக்குழு எது என்று பார்த்தால், கிளீட்டஸ்.

வீரமுத்து கூட்டத்தில் குதித்தாராம். என் தங்கையை நிற்க வைத்தவன் என் கடை வாசலில் பாடுவதா என்று கேட்டாராம். முன்பணம் கொடுத்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்று இளவட்டங்கள் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு லீவு எடுத்துக்கொள்ளும்படி தங்கையிடம் மூன்று தடவை சொன்னார். பாசம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஜெயமணி லீவு எடுக்க மறுத்துவிட்டாள்.

அதற்குள் இன்னொரு செய்தியும் வந்தது. கோலாலம்பூரிலிருந்து கேசட் கம்பெனிக்காரர் ஒருவர் கிளீட்டஸ் பாடுவதைக் கேட்க எங்கள் விற்பனைக்கே வருகிறாராம். பிடித்துப்போனால் கேசட் போடுவாராம். கிளீட்டஸ் முப்பத்தைந்து வயதாகியும் கல்யாண வீட்டுப் பாட்டோடு நின்றுபோயிருந்தான். இதை விட்டால் அவனுக்கு வேறு கதி இல்லை என்று குழுவில் பேசிக்கொண்டார்கள்.

ஜெயமணி என் தராசுப் பக்கம் வந்து நின்றாள்.

“அக்கா, அவன் பாடக்கூடாது,” என்றாள். “அவன் வாயத் தொறந்துகிட்டு நிக்கணும். அந்தக் கம்பெனிக்காரரு அதப் பாக்கணும்.”

எப்படி என்று கேட்டேன். மேசைமேல் இருந்த மைக்கைக் காட்டினாள். எங்கள் ஒலிபெருக்கியில் மைக் இரண்டு, மேடைக்கு ஒன்று, அவள் மேசைக்கு ஒன்று. அவள் தன் பொத்தானை அழுத்தினால் மற்ற மைக் தானாக அடங்கிவிடும். பாட்டெல்லாம் ஆள் சேர்க்கத்தான், விற்பனை அறிவிப்புக்குத்தான் முதல் இடம் என்று சட்டம் போட்டவரே வீரமுத்துதான். எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. எந்தச் சாமானை எப்போது சொல்வது என்று நான் துண்டுச் சீட்டில் எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் முந்நூறு பேர் வந்துவிட்டார்கள். வாசலில் பலகை மேடை, மேலே நீலத் தார்ப்பாய். கேசட் கம்பெனிக்காரர் முழுக்கைச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். கிளீட்டஸை அன்றுதான் பார்த்தேன். மெலிந்த ஆள், முன்தலையில் முடி கொட்டியிருந்தது. கித்தாரை மாட்டிக்கொண்டு கும்பிட்டான். இந்த மூஞ்சிக்கா இத்தனை வருஷம் என்று தோன்றியது.

முதல் பாட்டு. பல்லவி நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, மிக நன்றாக இருந்தது. சரணத்துக்கு அவன் மூச்சை இழுத்தான். ஜெயமணி பொத்தானை அழுத்தினாள்.

“அங்கத்தினர்கள் கவனத்திற்கு. நெத்திலி இன்று மலிவு. ஒரு கிலோ வாங்கினால் கால் கிலோ இலவசம்.”

கூட்டம் என் பக்கம் பாய்ந்தது. அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் முடித்தபோது வாத்தியக்காரர்கள் பாட்டில் எங்கேயோ போயிருந்தார்கள், அவன் எங்கேயோ இருந்தான்.

இரண்டாவது பாட்டில் உச்சிக்கு ஏறுகிற இடம் பார்த்துத் தெம்பிக்காய். அவன் சமாளித்துத் திரும்ப எடுத்த இடத்தில் டின் சர்டின் மீன். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான், அப்புறம் நாலு பேர் சிரித்தார்கள். மூன்றாவது அவனே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான். எனக்கே கொஞ்சம் தயக்கம் வந்தது. ஜெயமணி சீட்டுக்குக் கையை நீட்டினாள். பாகற்காய் என்று எழுதிக் கொடுத்தேன். பாகற்காயின் விலை, அதன் குணம், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அதனால் வரும் நன்மை என்று அவள் நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை, அவன் முந்நூறு பேர் முன்னால் கித்தாரைப் பிடித்தபடி நின்றான்.

கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து வந்து என்னிடம் நல்ல தெம்பிக்காயாக ஒன்று பார்த்துக் கொடுக்கச் சொன்னார். அதைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டார். நானும் ஜெயமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் வாழ்நாளில் எந்தத் தீபாவளிக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கச்சேரி இடைவேளையில் கிளீட்டஸ் நேராக அவள் மேசைக்கு வந்தான். சண்டை போடத்தான் வருகிறான் என்று நான் தராசை விட்டுவிட்டு எழுந்து பக்கத்தில் போனேன். அவன் சண்டை போடவில்லை.

“மொத அறிவிப்புலயே தெரிஞ்சுது, நீதான்னு,” என்றான். “கோவப்பட வேண்டியவன் நான்தானே ஜெயமணி? ஒனக்கு எதுக்கு என்மேல இவ்வளவு கோவம்?”

“லாரியில வர்றேன்னு சொல்லி நிக்க வச்சது நீங்கதானே?”

“லாரி வந்துச்சு. நானே வந்தேன். தோட்டத்து கேட்டுல ஒங்க அண்ணன் நின்னாரு. ஒனக்குக் காய்ச்சல், எந்திரிக்கவே முடியல, பாட வரமாட்டேன்னு நீயே சொல்லி அனுப்பினேன்னாரு. அப்புறம் மூணு கடுதாசி போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல.”

தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஆபீசிலிருந்து மண்டோர் கைக்குத்தான் வரும்.  இதை நான் அப்புறம் ஜெயமணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தேவாலயத்துப் பையனோடு தங்கை மேடை ஏறினால் திரும்ப வீட்டுக்கு வரமாட்டாள் என்று வீரமுத்து பயந்திருக்கிறார். பயந்தவர் நேரடியாகத் தடுத்திருக்கலாம். அவளை நான்கு மணி நேரம் நிற்க விட்டு, பிறகு நல்லவராக வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறார். பதினோரு வருஷமாக அவளோடு சேர்ந்து இந்த மனுஷனைத் திட்டியிருக்கிறார். நானும் திட்டியிருக்கிறேன். பாகற்காய் என்று எழுதிய கை எனக்கு அப்போது கூசியது.

“ஒங்க பாட்டக் கெடுத்துட்டேன்,” என்றாள் ஜெயமணி.

“ஆமா. அவரு இனிமே வரமாட்டாரு,” என்றான். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

மேடையில் வீரமுத்து இடைவேளையிலேயே நன்றியுரை தொடங்கியிருந்தார். அடுத்த வாரம் ஆண்டுக் கூட்டம், மறுபடியும் தலைவராக நிற்கிறார், அதனால் பேச்சு நீண்டது. ஜெயமணி மேசையை விட்டு எழுந்தாள். தன் மைக்கைத் தொடவில்லை. கூட்டத்துக்குள் நடந்து மேடையில் ஏறினாள். ஏதோ விலை அறிவிப்பு என்று நினைத்து அவர் சிரித்தபடி மைக்கை அவளிடம் கொடுத்தார். விலை சொல்கிற அதே குரலில் அவள் கேட்டாள்.

“அண்ணே, அன்னிக்கு அந்த லாரிய ஏன் திருப்பி அனுப்பினீங்க?”

வீரமுத்து அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார். எல்லாம் உன் நல்லதுக்குத்தானே என்று அவர் முணுமுணுத்தது மைக்கில் கேட்டது. அவள் கையை உதறினாள். கூட்டத்தைப் பார்த்தாள்.

நானும் அப்போதுதான் கூட்டத்தைப் பார்த்தேன். எந்த லாரி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எட்டாங்கட்டைக்காரர்கள் நூற்றைம்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. முன்னால் அரிசி மூட்டையோடு நின்ற முனியாயி அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒங்களுக்கும் தெரியுமாக்கா?” என்று மேடையிலிருந்தே கேட்டாள் ஜெயமணி.

“கேட்டுல லாரி நின்னத எல்லாருந்தான் பாத்தோம்மா,” என்றார் முனியாயி அக்கா. “ஒங்கண்ணன் மண்டோரு. யாரு வாயத் தொறப்பா?”

ஜெயமணி மைக்கை அண்ணன் காலடியில் வைத்துவிட்டு இறங்கினாள்.  கிளீட்டஸின் ஆட்கள் சத்தமில்லாமல் வாத்தியங்களைக் கட்டினார்கள். சனங்கள் அரிசியையும் எண்ணெயையும் சுமந்துகொண்டு அவசரமாகக் கலைந்தார்கள். ஒருவரும் அவள் பக்கம் வரவில்லை.

சாயங்காலம் தாமானுக்குப் போகும் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. கிளேபாங் பஸ்ஸில் என்னோடு ஏறி, நான் கூப்பிடாமலே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  அன்றுமுதல் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அன்று வழியில் ஒரே ஒரு தடவை பேசினாள்.

“மேடையில ஏறும்போது என்ன ஏமாத்துனதுன்னு ஒரு ஆளத்தான்க்கா மனசுல வச்சிருந்தேன். எறங்கும்போது எண்ணிப் பாத்தேன். எண்ணி முடியல.”